மூன்றாவது விடை என் கணவர்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில், புத்தளம் பக்கம் பாலாவிச் சந்திக்கு அருகே இருக்கும் எங்கள் கடையில் நடந்தது இது. எங்கள் கடை என்றால் என் கணவரின் கடை. தண்ணீர் இறைக்கும் மோட்டர், குழாய், அதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் விற்கிறார். நான் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு இணையவழிப் பாடநெறி வடிவமைக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில், "அப்ப வேலைக்குப் போறதில்லையா?" என்றுதான் கேட்பார்கள். நானும் விளங்கப்படுத்துவதை விட்டுப் பல காலமாகிறது.

வேலை இதுதான்: கடை, ஹோட்டல், வரவேற்பு மேசை என்று வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு அந்த வேலையின் நெளிவு சுளிவுகளைக் கற்பிக்கும் பாடங்கள். நேபாளத்தில் ஒருவர், கானாவில் ஒருவர், எகிப்தில் ஒருவர் என்று அவரவர் வீட்டில் இருந்து படிப்பார்கள். அதுவரை நான் மற்றவர்கள் செய்த பாடங்களைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். முதன்முறையாக ஒரு பாடத்தை முழுதாக என்னிடம் கொடுத்திருந்தார்கள். 'கோபத்தோடு வரும் வாடிக்கையாளரைக் கையாளுதல்' என்பது தலைப்பு. வெள்ளோட்டத்தில் அது நன்றாகப் போனால் பாடநெறி முழுவதும் எனக்கு. போகாவிட்டால் பழையபடி மற்றவர்களின் எழுத்துப் பிழை பார்க்கப் போகவேண்டும். அந்தப் பாடநெறி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், ஐவேளைத் தொழுகையிலும் அதற்குத் தனியாக ஒரு துஆ இருந்தது.

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். மோட்டர் எரிந்துவிட்டது என்று வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கத்திக்கொண்டு வந்தால், மனிதர் மோட்டரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். "வாங்க நானா, இரிங்க" என்று அண்ணன் முறை சொல்லிக் கதிரையை இழுத்துப் போடுவார். பக்கத்து ஹோட்டலுக்குக் குரல் கொடுத்து இஞ்சித் தேத்தண்ணி வரவழைப்பார். பிறகு மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடிந்ததா, உம்மாவின் முழங்கால் எப்படி, மிளகாய் இந்த முறை என்ன விலை போனது என்று ஊர்க்கதை எல்லாம் ஓடும். கடைசியில் வந்தவர் எதற்குக் கோபப்பட்டார் என்பதையே மறந்து, போகும்போது ஒரு சுருள் குழாயும் வாங்கிக்கொண்டு போவார்.

எனக்கோ இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நான் கற்பிக்கும் முறைப்படி இதில் ஒன்றுகூடச் சரியில்லை. முறைப்பாட்டைக் கேள், நன்றி சொல், பதிவு செய், எப்போது தீர்ப்பாய் என்று நாள் சொல், மரியாதையாக அனுப்பு. இதை அவருக்குச் சோற்றுக் கோப்பையை வைக்கும்போதெல்லாம் ஓதிக்கொண்டே இருப்பேன். அவரும், "ஓம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கறியைப் பிசைவார்.

அந்தப் பாடம் எழுதிக்கொண்டிருந்த நாளில் புத்தளத்தில் எனக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். உடுத்து முடித்துக் கடை வாசலில் எங்கள் ஓட்டோவில் காத்திருக்கிறேன். உள்ளே ஒரு எரிந்த மோட்டரும் ஒரு வாடிக்கையாளரும் தேத்தண்ணியும். "இந்தா வாரன், இந்தா வாரன்" என்று அவர் கை காட்டுகிறார், ஆனால் கதை முடிகிறதாக இல்லை. நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடிச் சாப்பிடும் சஹன் தட்டுகளைக் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. யாரோ பாவம் பார்த்து எடுத்து வைத்த வட்டிலப்பம் ஒரு துண்டு கிடைத்தது. அதையும் அவர்தான் முதலில் தின்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து லெப்டொப்பைத் திறந்தேன். பாடத்தின் முக்கியமான கேள்வி பாதியில் நின்றது. ஒரு வாடிக்கையாளர் பழுதான பொருளோடு கடைக்குள் கத்திக்கொண்டு வருகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகள் வேண்டும். எங்கள் தொழிலில் சரியான விடை எழுதுவது லேசு. பிழையான விடை எழுதுவதுதான் கஷ்டம். அது உண்மையில் யாரோ செய்யக்கூடியதாக இருக்கவேண்டும், ஆனால் பிழையாகவும் இருக்கவேண்டும். எனக்கு அன்று கஷ்டமே இருக்கவில்லை. மூன்றாவது விடையாக என் கணவரை அப்படியே எழுதினேன்: 'அவரை அமரச் செய்து, தேநீர் வரவழைத்து, வீட்டார் நலம் விசாரித்து, அவர் ஆறிய பிறகு பிரச்சினையைப் பேசுதல்.' அதைத் தெரிவு செய்தால் திரையில் சிவப்பில் வரவேண்டியதையும் எழுதினேன்: 'பிழை. இது எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கும்.' எழுதி முடித்ததும் வயிறு குளிர்ந்தது. சரியான விடை தெரிவு செய்யும்வரை யாரும் அடுத்த பாடத்துக்குப் போகமுடியாதபடி ஒரு பூட்டும் போட்டேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது வெள்ளோட்டம் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

உலகமே மூன்றாவது விடையைத் தெரிவு செய்தது. சிவப்பில் 'பிழை' என்று வந்ததும் பாடத்தை முதலிலிருந்து பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் அதையே தெரிவு செய்தார்கள். கணினி பிழைவிட்டது என்று நினைத்து மூன்றாம் முறையும் அதையே அழுத்தினார்கள். வேறு விடையைத் தொட மனமில்லாமல் ஒருவரும் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. கருத்துப் பகுதி கொதித்தது. கானாவில் ஒரு பெண், கதிரை கொடுக்காமல் முறைப்பாடு பதிகிறவளை எங்கள் ஊரில் வளர்ப்புச் சரியில்லாதவள் என்பார்கள் என்று எழுதினார். ஜோர்ஜியாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர், தேநீரோடு சாப்பாடும் கொடுக்காததால்தான் இது பிழையாகிறதா என்று மிகுந்த அக்கறையோடு கேட்டிருந்தார். ஒரேயொருவர் மட்டும் சரியான விடையைத் தெரிவு செய்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று அவருக்குப் பாராட்டு அனுப்பினேன். விரல் தவறிப் பட்டுவிட்டது, தயவுசெய்து என்னைத் திரும்ப மூன்றாவதுக்குப் போக விடுங்கள் என்று பதில் வந்தது.

என் மேலதிகாரி ஒரு குளிர் நாட்டில் இருக்கும் பெண். கோபப்படவே மாட்டார், அதுதான் பயம். வியாழக்கிழமை நேரலையில் கற்பவர்களோடு நேரே பேசுவோம், நானும் வருகிறேன், அதன் பிறகு பாடநெறியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்.

என் கணவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்களைத்தான் பிழை என்று எழுதினேன், ஊர் உலகமெல்லாம் உங்கள் பக்கம் நிற்கிறது என்று சொன்னால் அந்த மனிதரோடு பிறகு ஒரு வீட்டில் இருக்கமுடியுமா? ஆனால் புதன்கிழமை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நான் அடுப்படியில் இருந்தபோது, திறந்து கிடந்த லெப்டொப்பில் அந்தக் கேள்வியை அவர் வாசித்துவிட்டார். கேள்வியை மட்டும்தான்; யார் எதைத் தெரிவு செய்தார்கள் என்பது அதில் இல்லை. நான் வந்து பார்க்கையில் மூன்றாவது விடையை அழுத்தி, சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இது என்னைத்தானே எழுதி ஈக்கிங்க?" என்றார். சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று இருந்தது.

"சும்மா ஒரு உதாரணத்துக்கு..." என்று இழுத்தேன்.

"அந்த வெள்ளக்காரப் பொம்பளயும் நாளைக்கு வாராவா?"

"ஓம்."

"சரி. கம்பனிக்கு எது சரியோ அதுதானே சரி," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். போய்ச் சமாதானம் சொல்லவேண்டும் என்று இருந்தது. ஆனால் அடுத்த நாளை நினைத்த பயம் அதையும் மூடிவிட்டது.

வியாழன் பகல், நேரலைக்குச் சற்று முன்னால், உயரமாகச் சாமான் ஏற்றிவந்த ஒரு லொறி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி, வீட்டு இணைய வயரை இழுத்துக்கொண்டே போய்விட்டது. நான் லெப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு ஓட்டோவைப் பிடித்துக் கடைக்கு ஓடினேன். கடையில் வேறு கம்பனியின் இணைப்பு. பின்பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை உண்டு. அதற்குள் புகுந்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் கண்ணாடியூடாகக் கடை முழுதும் கெமராவில் தெரிகிறது என்பதை அந்த அவசரத்தில் யார் யோசித்தார்கள்?

திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. மேலதிகாரி மூலையில் புன்னகையோடு இருந்தார். நான் ஒத்திகை பார்த்தபடி ஆரம்பித்தேன்: உங்கள் முறைப்பாடுகளுக்கு நன்றி, அவற்றைப் பதிவு செய்துள்ளோம், இரண்டு வேலை நாட்களுக்குள்... சொல்லச் சொல்ல முகங்கள் இறுகின. நேபாளத்துப் பெண் ஒருவர், அடுத்த பாடத்துக்குப் போகமுடியாமல் தன் சான்றிதழ் நிற்கிறது, நீங்கள் நன்றி சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டேவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்குள் ஒருவர் நுழைந்தார். வண்ணாத்திவில்லுவில் பப்பாசித் தோட்டம் செய்கிற பெரியவர், எங்களிடம் வருடக்கணக்காக வாங்குகிறவர். தோளில் எரிந்த மோட்டர், வாயில் வசை. "தம்பி! வாங்கி ஒரு போகம் போகல்ல, பொக எழும்பிட்டு! தண்ணியில்லாமச் செடியெல்லாம் வாடுது!"

திரையில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். தங்கள் கேள்வியே உயிரோடு நடந்து வந்துவிட்டது அல்லவா? என்ன நடக்கிறது, நகருங்கள், எங்களுக்கு மறைக்கிறது என்றார்கள். பெரியவர் சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தேன். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இந்தா, இனி மனிதர் கதிரையை இழுப்பார், தேத்தண்ணி வரும், இவர்களும் குளிர்ந்துபோவார்கள் என்று நினைத்தேன். என் பாடம் பிழை என்று நிரூபணமாகப் போவதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். லெப்டொப்பைப் பார்த்தார். சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று சொன்னார்: "உங்களது முறைப்பாட்டை எமது கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி."

பெரியவர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"என்ன தம்பி?"

"உங்களது முறைப்பாடு பதிவு செய்யப்படுகின்றது. இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்வு வழங்கப்படும்."

யா அல்லாஹ்! நான் சோற்றுக் கோப்பையோடு சேர்த்து ஓதியதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் வருகிறது. ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி வருகிறது. மனிதரின் நெற்றியில் வியர்வை ஓடுகிறது, ஆனால் நிறுத்துகிறாரில்லை. கம்பனிக்காரி பார்த்துக்கொண்டு இருக்கையில் மனைவி எழுதிய பாடத்தைத் தன் கடையிலேயே பிழையாக்கிவிடக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ரெண்டு நாளா?" பெரியவர் மோட்டரை மேசையில் தொப்பென்று வைத்தார். "தம்பி, ஒடம்புக்கு ஏதும் ஏலாதா?"

"தங்களது பொறுமைக்கு நன்றி."

பெரியவரின் கோபம் இப்போது இறங்கிப் பயமாக மாறியது. குரல் தாழ்ந்தது. "இத்தின வருஷமா வாரன். இண்டைக்கி இரிங்கண்டு ஒரு சொல்லு இல்ல. ஒரு தேத்தண்ணி இல்ல. நான் என்ன செஞ்ச? மகன்ட கலியாணத்துக்கு நேர வந்து சொல்லல்லண்டு மனஸ்தாபமா? காட் அனுப்பின தம்பி! தபால்ல போட்டது பிழைதான். அல்லாஹ்க்காக மனசில வைக்க வேணாம்!"

திரையில் ஒரே கலவரம். பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர், யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். ஜோர்ஜியா ஹோட்டல்காரர் பார்க்கமுடியாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கானாப் பெண், கதிரை, கதிரை, யாராவது அந்த மனிதருக்கு ஒரு கதிரை கொடுங்கள் என்று கத்தினார். என் கணவர் அடுத்த வசனத்தைத் தேடித் தவிக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் கல்யாணக் காட் பற்றி ஒன்றும் இல்லையே!

இனி என்னால் இருக்க ஏலவில்லை. காதில் மாட்டியிருந்ததை வயரோடு பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். "நானா, இரிங்க, இரிங்க!" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். பக்கத்து ஹோட்டலைப் பார்த்து, "இஞ்சித் தேத்தண்ணி ஒண்டு, கெதியா!" என்று நான் போட்ட சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும். "புது மருமகள் எப்படி? எந்த ஊரில எடுத்த?" என்று கேட்டேன்.

என் கணவர் நடுங்கிப்போனார். "என்ன செய்றீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "அவங்க பாக்கிறாங்க! அது பிழையான விடை!"

"பிழையாவே போகட்டும்," என்றேன்.

தேத்தண்ணி வந்தது. பெரியவர் ஒரு மிடறு குடித்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. "அப்ப மனஸ்தாபம் இல்ல?" என்று கேட்டார். "ஐயோ, இவருக்கு இண்டைக்கித் தலைக்கி ஏலாது நானா, அவ்வளவுதான்," என்றேன். "நான் வரக்குள்ளயே நெனச்ச," என்றார் அவர். கண்ணாடி அறைக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. "அது யாரு?" என்று பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்னட்டப் படிக்கிற ஆக்கள்," என்றேன். அவர் கோப்பையை உயர்த்தி அவர்களுக்கு ஸலாம் சொன்னார். திரையில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் கோப்பையை உயர்த்தினார்கள்.

சரி, தப்பித்தேன் என்று அறைக்குத் திரும்பி உட்காருகையில் மேலதிகாரி வாய் திறந்தார். தேநீர் குடித்தாயிற்று, அந்த மனிதரின் செடிகளுக்கு இன்று தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் விடை தெரியாது. இத்தனை வருடத்தில் தேத்தண்ணிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நான் நின்று பார்த்ததே இல்லை. கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனிதர் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"மோட்டரப் பத்தி எனக்கென்ன தெரியும்? விக்கத்தான் தெரியும். தேத்தண்ணியக் குடுத்திட்டு மோட்டர் திருத்துற பாஸுக்குப் போன் அடிப்பன். அவர் வந்து பாக்கும் வரைக்கும் ஆள எப்படியாவது பிடிச்சி வச்சிரிக்கணுமே. அதுக்குத்தான் முழங்கால், மிளகா எல்லாம். அவர் திருத்தப் பிந்துமெண்டா, கடையில ஒரு பழைய மோட்டர் ஈக்கிது, அதக் குடுத்தனுப்புவன்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்து நான் முதன்முறையாகப் பார்த்தேன். ஆக, பிரச்சினையைத் தீர்க்கிறவர் வரும்வரைக்குமான வழி இது, அதையும் சேர்த்து அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள், மற்றப் பாடங்களையும் நீங்களே எழுதுங்கள் என்றார். நேபாளத்துப் பெண்ணின் பூட்டை அந்த இடத்திலேயே திறந்துவிட்டேன். பெரியவர் பழைய மோட்டரோடும் ஒரு சுருள் குழாயோடும் போனார். குழாய் எதற்கு என்று அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடை பூட்டி வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் மூன்றாவது விடையைத்தான் தெரிவு செய்தார்கள், விரல் தவறிய ஒருவரைத் தவிர, என்றேன். அவர் எங்கள் ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"எல்லாருமா?"

"ஓம், எல்லாரும்."

இனிப் பெருமையடிப்பார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "இதை நேத்தே சொல்லக் கூடாதா? ரா முழுக்கத் தூங்காம அந்த 'கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு' எண்டதப் பாடமாக்கின," என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரைப் பிழை என்று உலகத்துக்கே எழுதி அனுப்பியவள் நான். அதை வாசித்த பிறகும், அந்தப் பிழை என் பிழையாகிவிடக்கூடாது என்று படுக்கையில் கிடந்து பாடமாக்கியிருக்கிறார் அவர்.

இப்போதும் கேள்விகள் எழுதுகிறேன். பிழையான விடை எழுதும் இடம் வந்தால் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது, ஏனென்றால் எனக்குப் பிழையாகத் தெரிகிற அந்த வழியில்தான் எங்கேயோ ஒரு மனிதர் நாலு பேரின் கோபத்தை ஆற்றி அனுப்பிக்கொண்டிருப்பார், அதே மனிதர் தனக்குப் பிரியமான ஒருவருக்காக அதை விட்டுவிட்டு, தான் நம்பாத வசனங்களை வியர்க்க வியர்க்கச் சொல்லிக்கொண்டும் நிற்பார்.